பத்தனைப் புல்லும் ஆகாயக் கண்ணும்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதம் அப்புத்தளைக் கணவாயைத் தாண்டித் தியத்தலாவையை அணுகும்போது, அதுவரை இருமருங்கிலும் நெருங்கி வந்த தேயிலைச் சரிவுகள் சற்றே விலக, பத்தனை என்று நம் மக்கள் வழங்கும் புல்மேடுகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரமின்றியும் மறைவின்றியும் விரிந்து கிடக்கக் காண்கிறோம். அம்மேடுகளுள் ஒன்றின் சரிவில் வெள்ளைக் கற்களால் வரையப்பட்ட நரி ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஃபொக்ஸ்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள், இங்கே தங்கியிருந்த காலத்தில், தங்கள் கப்பலின் பெயருக்குரிய பிராணியின் உருவத்தை மலையின்மேல் பதித்துச் சென்றார்கள். அதனாலேயே அந்தக் குன்றுக்கு நரிக்குன்று என்று பெயர் நிலைத்தது. சமாதான காலத்தில் அது கண்ணுக்கு இனிய காட்சி. யுத்த காலத்திலோ, இராணுவ முகாமின் தலைமாட்டில் வெள்ளை நிறத்தில் வரையப்பட்ட அத்தகைய அடையாளம், ஆகாயத்தில் வழிதேடும் பகை விமானிக்கு நாமே நாட்டிவைத்த கைகாட்டி மரமாகிவிடும். இங்கிலாந்திலே உஃபிங்டன் என்னுமிடத்தில் சுண்ணாம்புக் குன்றின்மீது சுமார் மூவாயிரம் ஆண்டுகளுக்குமுன் வெட்டப்பட்ட வெள்ளைக் குதிரையை, இரண்டாம் உலக யுத்தத்தின்போது புற்கரணைகளாலும் செடிகொடிகளாலும் மூடிவைத்தார்கள். ஜெர்மானிய விமானிகள் அதைக் குறியாகக் கொண்டு திசையறிந்துவிடுவார்கள் என்னும் அச்சமே காரணம்.

இராணுவ ஸ்தலங்களை மறைப்பது எப்படி, மறைத்தவற்றைக் கண்டுபிடிப்பது எப்படி என்னும் இரட்டைச் சாஸ்திரத்தை விளக்குவதற்கு நான் பெரிய யுத்த களங்களை விட்டு, தியத்தலாவையும் பதுளையும் அடங்கிய ஊவாவின் மலைகளைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. இங்கே பெரும் போர் நடக்கவில்லை. ஆனால் புல், தேயிலை, காடு, பாறை, செம்மண், தகரக் கூரை என்று நிலத்தின் பலவகை முகங்களும் ஒரே பார்வைக்குள் அடங்குகின்றன. பருவம் மாறும்போது அவை மாறும் விதமும் வேறெங்கும் இவ்வளவு பிரத்தியட்சமாகத் தெரிவதில்லை. மறைக்கப்பட்ட பொருள் தான் இருக்கும் நிலத்தின் பழக்கவழக்கங்களுக்குக் கட்டுப்பட்டு வாழ வேண்டும்; அப்படி வாழத் தவறும் கணத்தில் அது வெளிப்பட்டுவிடும் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

தியத்தலாவையின் சரித்திரமே இதற்கு நல்ல தோற்றுவாயாகும். 1900ஆம் ஆண்டில், தென்னாபிரிக்க யுத்தத்தில் தம்மை எதிர்த்துப் போரிட்டுப் பிடிபட்ட போயர்களுள் சுமார் 5,000 பேரை ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொண்டுவந்து, இந்தப் புல்மேட்டில் முள்வேலிக்குள் தகரக் கொட்டகைகள் அமைத்துச் சிறைவைத்தார்கள். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே இருப்புப்பாதை பண்டாரவளைவரை வந்துவிட்டது. குளிர்ச்சியான சீதோஷ்ணம் வேறு. இவற்றோடு, மரமற்ற மேடு என்னும் மூன்றாவது அனுகூலமும் சிறைக்காவலர்களுக்குக் கிடைத்தது. தப்பியோடுகிறவன் ஒளிவதற்கு ஒரு புதர் இல்லாத நிலம் அது. அங்கே அடைக்கப்பட்டவர்களோ, ஒளிந்து போர் செய்யும் வித்தையை அக்கால உலகுக்கே கற்பித்த ஜனங்கள்.

அதே யுத்தத்தில், 1899ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி, தென்னாபிரிக்காவின் மாகர்ஸ்பொன்டெயின் என்னுமிடத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். குன்றின் உச்சியில் பதுங்கிக் கீழே சுடுவதே அந்நாள்வரை வழக்கம். டி லா ரே என்னும் போயர் தளபதி அந்த வழக்கத்தை மாற்றி, குன்றின் அடிவாரத்தில், சமநிலத்தில், ஒடுக்கமும் ஆழமுமான பதுங்குகுழிகளை வெட்டச் செய்து, அவற்றின் விளிம்புகளைப் புல்லாலும் செடிகளாலும் மறைத்தார். முந்திய நாள் பிரித்தானியப் பீரங்கிகள் ஆளில்லாத குன்றின்மீது மணிக்கணக்காகக் குண்டு பொழிந்தன. கீழே இருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒரு சேதமும் இல்லை. மறுநாள் விடியற்கருக்கலில், குன்றில் இனி எவரும் எஞ்சியிருக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், ஸ்கொத்லாந்துப் படையினர் தோளோடு தோள் நெருங்கி முன்னேறிவந்து, கண்ணுக்குப் புலப்படாத குழிகளிலிருந்து பாய்ந்த குண்டுகளுக்கு இரையானார்கள். போயர்களின் மௌசர் துப்பாக்கியில் புகையில்லா வெடிமருந்து இருந்தபடியால், சுட்டவன் எங்கே இருக்கிறான் என்பதைக் காட்டிக்கொடுக்கும் வெண்புகையும் எழவில்லை. பீரங்கி, துப்பாக்கி என்பவற்றின் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தையும் வேகத்தையுமே கூறுவார்கள். புகை மறைந்ததே அவற்றினும் பெரிய மாறுதல் என்பது என் அபிப்பிராயம். செந்நிறச் சட்டை அணிந்து அணிவகுத்த சேனைகளின் காலம் அதனோடு முடிந்தது. பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்னும் அதிகாரி 1840களின் பிற்பகுதியில் தம் சாரணப் படைக்கு உடுத்திய புழுதி நிறக் காக்கியே பிற்பாடு உலகச் சேனைகளின் உடையாயிற்று.

இலங்கையில் சிறைவைக்கப்பட்ட போயர்களுள் ஏங்கல்பிரெக்ட் என்பவர் ஊர் திரும்பாமல் இந்நாட்டிலேயே தங்கி, யால வனத்தின் முதற் காவலராகப் பணிபுரிந்தார். வேட்டையிலும் ஒளிந்திருத்தலிலும் பழகிய ஒருவருக்கு, ஒளிந்து வாழும் சிறுத்தைகளின் காவலைவிடப் பொருத்தமான வேலை வேறு என்ன இருக்க முடியும்?

மாகர்ஸ்பொன்டெயினில் ஏமாந்தது நிலத்தில் நின்று நோக்கிய கண். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழிந்து முதல் உலக யுத்தம் மூண்டபோது, விமானமும் புகைப்படக் கருவியும் சேர்ந்து வேறொரு கண்ணை உண்டாக்கிவிட்டன. நிலத்தில் நிற்பவன் ஒரு பொருளைப் பக்கவாட்டில் காண்கிறான். முன்னால் ஒரு புதர் இருந்தால் அவனுக்குப் போதிய தடை. ஆகாயத்திலிருந்து செங்குத்தாக நோக்குபவனுக்குப் புதர் தடையாவதில்லை. அவன் பொருளின் உயரத்தை நேரே காண முடியாது. அதற்குப் பதிலாக அதன் நிழலைக் காண்கிறான். பத்தடி உயரமுள்ள கூடாரத்துக்குப் பச்சை நிறம் பூசிவிடலாம். காலைச் சூரியன் அதன் பக்கத்தில் விரிக்கும் கரிய முக்கோணத்துக்கு எந்த நிறத்தைப் பூசுவது? அதனாலேயே மறைப்பு வலைகளைக் கட்டும்போது பொருளை ஒட்டி இறுக்கிக் கட்டாமல், அகலமாக விரித்து, ஓரங்களைச் சாய்வாக இறக்கித் தரையோடு சேர்க்க வேண்டும் என்று படைவீரருக்குப் பயிற்சி அளித்தார்கள். சாய்ந்து இறங்கும் விளிம்புக்குக் கூரிய நிழல் விழாது.

நிழலுக்கு அடுத்தது தரையின் இழை. இதை நன்றாக அறிந்துகொள்ள ஒரு பத்தனை மேட்டில் குனிந்து மானாப்புல்லைப் பார்க்க வேண்டும். ஒரு தாளைப் பிடுங்கி வெயிலில் பிடித்தால் அது வெளிறிய பச்சையாகவே இருக்கிறது. ஆனால் புல் நிமிர்ந்து நிற்கும்போது ஒவ்வொரு தாளும் அடுத்த தாளின்மேல் மெல்லிய நிழலை வீழ்த்துகிறது. அந்த ஆயிரமாயிரம் நிழற்கீற்றுகளும் மேலிருந்து பார்ப்பவனுக்குத் தனித்தனியே தெரியாமல் ஒன்றாகக் கலந்து, முழு மேட்டையும் இருண்ட நிறமாகக் காட்டுகின்றன. ஆகவே புல்லின் நிறத்தையே நுட்பமாகப் பார்த்துக் கலந்து ஒரு தட்டையான கூரைக்குப் பூசினாலும், அந்தக் கூரை புல்லைவிடப் பளிச்சென்று தோன்றும். அதில் நிழல்கள் இல்லையல்லவா? இதே நியதியால், ஒருவன் நடந்து மிதித்த புல் படுத்துக்கிடந்து ஒளியை மேல்நோக்கித் திருப்பி அனுப்புவதால், அந்தத் தடம் ஆகாயப் படத்தில் வெள்ளைக் கோடாக விழுகிறது. ஒரு சில வீரர்கள் சில நாட்கள் ஒரே வழியில் போய்வந்தாலே போதும். பீரங்கியை எவ்வளவு சாமர்த்தியமாக மூடியிருந்தாலும், வெறும் மேட்டில் போய் முடிந்துவிடும் அந்தக் கோட்டைக் கண்டவுடன், படத்தை ஆராய்கிறவன் அங்கே பூதக்கண்ணாடியை வைப்பான்.

நம் தோட்டங்களின் குறுக்குப் பாதைகளை எண்ணிப் பாருங்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து நீர் பிடிக்கும் பீலிக்கு ஒன்று, காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக் களத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஒன்று என ஒவ்வொன்றும் ஒரு காரணத்தைப் பற்றிக்கொண்டு ஓடுகின்றது. காரணமில்லாத பாதை தோட்டத்தில் கிடையாது. ஆகவே காரணமில்லாத பாதை ஒன்று புதிதாகத் தோன்றினால், நிலத்தை அறிந்தவன் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். இத்தகைய உறுத்தல்களைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள், இரண்டாம் உலக யுத்தத்தின்போது, இங்கிலாந்தில் மெட்மென்ஹம் என்னும் நிலையத்தில் இருந்தார்கள். பறந்துசெல்லும் விமானத்திலிருந்து ஒன்றன்மேலொன்று படியுமாறு அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டும் கருவியில் வைத்தால், நிலம் மேடுபள்ளங்களோடு உயிர்பெற்று எழும். அங்கே பணியாற்றிய கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்னும் பெண்மணி, 1943ஆம் ஆண்டின் இறுதியில், பீனமுண்டே என்ற ஜெர்மானிய நிலையத்தின் படத்தில் மிகச் சிறிய சிலுவை போன்ற ஓர் உருவைக் கண்டுபிடித்தார். அதுவே பிற்பாடு லண்டன்மீது ஏவப்பட்ட ஆளில்லாப் பறக்கும் குண்டு.

மனிதன் இவ்வாறு தட்டுத் தடுமாறிக் கற்றதை ஜீவராசிகள் எத்தனையோ இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே சாதித்துவிட்டன. இலங்கைக்கே உரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு; விஞ்ஞானிகள் அதற்குக் கல்லிமா ஃபிலார்க்கஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பறக்கும்போது அதன் சிறகுகளின் மேற்புறம் ஆழ்ந்த நீலமாய்ப் பிரகாசிக்கிறது. ஒரு கிளையில் அமர்ந்து சிறகுகளைக் கூப்பிய மாத்திரத்தில் நீலம் மறைந்து, சருகின் கபில நிறம் மாத்திரம் எஞ்சுகிறது. அதுமட்டுமா? பின்சிறகின் வால் இலைக்காம்பாகிக் கிளையைத் தொடுகிறது. அங்கிருந்து முன்சிறகின் கூர்நுனிவரை ஒரு கருங்கோடு நடுநரம்பாக ஓடுகிறது. பக்க நரம்புகளும், பூஞ்சணம் பிடித்த சருகில் காணும் கரும்புள்ளிகளும் ஆங்காங்கே உள்ளன. இவற்றினும் வியக்கத்தக்கது அதன் ஒழுக்கம்: அமர்ந்தபின் அது அசைவதில்லை. நிறமும் உருவமும் எவ்வளவு பொருந்தியிருந்தாலும், சருகு அசையக்கூடாத நேரத்தில் அசைந்தால் பறவையின் அலகுக்குத் தப்ப முடியாது.

அமெரிக்க ஓவியரான அபொட் தையர் 1909ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் விளக்கிய உண்மையும் இங்கே கூறத்தக்கது. மானும் முயலும் மீனும் முதுகில் கருமையாகவும் வயிற்றில் வெண்மையாகவும் இருப்பதேன்? ஒளி மேலிருந்து விழுவதால் முதுகு வெளிறியும் வயிறு இருண்டும் தோன்றவேண்டும். நிறம் அதற்கு நேர்மாறாக அமைந்திருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து, திரண்ட உடல் தட்டையாகத் தோன்றி, பின்னணியில் கரைந்துவிடுகிறது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் பிராணிசாஸ்திர அறிஞர் ஹியூ காட் இந்த ஆராய்ச்சிகளை மேலும் வளர்த்து, 1940ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டார். அதே ஆண்டில், இருப்புப்பாதையில் ஓடும் இரண்டு பெரும் பீரங்கிகளுள் ஒன்றுக்கு இராணுவத்தார் வழக்கம்போல் நிறம் தீட்ட, மற்றதற்கு அவர் பிராணிகளின் முறைப்படி தீட்டினார். விமானத்திலிருந்து எடுத்த படங்களில் முதலாவது தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவதை இடம் தெரிந்தவர்களும் தேடியே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆயினும் அதிகாரிகள் அந்த முறையை விரிவாக மேற்கொள்ளவில்லை. நிரூபணம் கண்முன் இருந்தும் பழக்கம் வென்றதற்கு இதைவிடத் துக்ககரமான உதாரணம் இந்தத் துறையில் எனக்குத் தெரியாது.

இனி, நம் தேசத்தின்மீதே யுத்தம் வந்த நாட்களைப் பார்ப்போம். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி, கொக்கலை வாவியிலிருந்து புறப்பட்ட கட்டலீனா விமானத்தில் சென்ற லியொனார்ட் பெர்ச்சல் என்னும் கனேடியர், தென்கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பி, உடனே சுட்டு வீழ்த்தப்பட்டார். அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் இலங்கையின் நடுப்பகலில் சூரியன் தலைக்கு நேரே வந்துவிடுவதால் நிழலே இல்லாமற்போகும். தாக்குதல் வந்த காலை வேளையிலோ ஒவ்வொரு நிழலும் பொருளின் உயரத்தைப் பன்மடங்கு மிஞ்சி நீண்டு கிடக்கும். துறைமுகமும் இரத்மலானை விமான நிலையமும் விமானிகளின் கண்ணுக்குப் புலப்பட்டன.

அவர்களுக்குப் புலப்படாத விஷயங்கள் இரண்டு இருந்தன. ஒன்று கொழும்பு நகரின் நடுவிலே இருந்த குதிரைப் பந்தயத் திடல். அதை ஆங்கிலேயர் அவசரம் அவசரமாக விமான ஓடுபாதையாக மாற்றி, 258ஆம் படைப்பிரிவின் ஹரிகேன் போர் விமானங்களை அங்கே நிறுத்தியிருந்தார்கள். நீண்ட புல்தரையும் சுற்றிலும் கட்டடங்களும் கொண்ட பந்தயத் திடலை ஒரு பெருநகரில் காண்பது இயல்பு. அங்கே விமானம் இருக்குமென்று ஜப்பானியர் நினைக்கவில்லை. இரத்மலானையில் விமானங்கள் எழும்பும் தறுவாயிலேயே பகைவர் தலைக்குமேல் வந்துவிட்டார்கள். திடலிலிருந்தோ அவை தடையின்றி எழுந்தன. ஆனால் மிகைப்படுத்திச் சொல்லக்கூடாது. எழுந்த ஹரிகேன்களுள் பல அன்றே வீழ்த்தப்பட்டன. மறைவு அவற்றுக்கு எழும்ப அவகாசம் கொடுத்ததேயன்றி வெற்றியைக் கொடுக்கவில்லை. மற்றொன்று, மாலைதீவின் தென்கோடியிலுள்ள அத்துப் பவளத்தீவு. வட்டமான பவளப்பாறைகளுக்கு நடுவே அமைந்த ஆழ்ந்த காயலை 'ரீ துறைமுகம்' என்னும் சங்கேதப் பெயரால் குறித்து, பிரித்தானியர் அங்கே ஒரு கப்பற்தளத்தை இரகசியமாக அமைத்திருந்தார்கள். அட்மிரல் சமர்வில்லின் பெருங்கப்பல்கள் அங்கே எண்ணெயும் நீரும் நிரப்பிக்கொண்டிருக்க, நகுமோ அவற்றைக் கொழும்பிலும் திருகோணமலையிலும் தேடினார். இலங்கைக்குத் தெற்கே திறந்த கடலில் அகப்பட்ட 'டோர்செட்ஷயர்', 'கோர்ன்வால்' என்னும் இரு கப்பல்கள் ஈஸ்டர் ஞாயிறன்றே மூழ்கின. நான்கு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' மூழ்கியது.

கொழும்பு இவ்வாறு பகையின் குறியானதும், சனங்களும் பள்ளிகளும் மலையை நோக்கிப் பெயர்ந்தன. பந்தயத் திடலுக்கு அயலிலிருந்த றோயல் கல்லூரியின் கட்டடம் யுத்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ளப்பட, மாணவருள் ஒரு பகுதியினர் பண்டாரவளைக்கு அனுப்பப்பட்டார்கள். சென் தோமஸ் கல்லூரி வெலிமடைக்கு அருகே குருத்தலாவையில் 1942ஆம் ஆண்டிலேயே ஒரு கிளையைத் தொடங்கியது. அது இன்றும் நடைபெறுகிறது. தியத்தலாவையில் பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகளுக்கு ஓய்வு முகாம் அமைத்து, தரையிலுள்ள நிலையங்களுக்கும் கப்பற்பெயர் சூட்டும் தன் மரபுப்படி அதற்கு 'எச்.எம்.எஸ். ஊவா' என்று பெயரிட்டது. ஒரே இடத்தில் குவிந்திருப்பதைப் பல இடங்களுக்குச் சிதறச் செய்வதும் மறைத்தலின் ஒரு பிரிவே. குவிந்தது குறியாகும், சிதறியது நிலத்தோடு கலந்துவிடும்.

ஊவாவின் தோட்டம் ஒன்றில் ஓர் இராணுவப் பண்டகசாலையை மறைக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று ஒரு பயிற்சியாக எண்ணிப் பார்ப்போம். முதற் சோதனை கூரை. அப்புத்தளைக்கு அப்பால், தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டில் கட்டிய தம்பதென்னைத் தொழிற்சாலையை மலைமுகட்டிலிருந்து பார்த்தவர்கள், மழை விட்டு வெயில் எழும்போது அந்தத் தகரக் கூரை எத்தனை மைல் தூரத்துக்கு மின்னுகிறது என்பதை அறிவார்கள். அமெரிக்காவின் சியாட்டிலிலுள்ள போயிங் விமானத் தொழிற்சாலையின் விஸ்தீரணமான கூரையின்மேல், கம்பிவலையாலும் துணியாலும் மரத்தாலும் வீடுகளும் தெருக்களும் மரங்களும் கொண்ட ஒரு போலிக் குடியிருப்பையே கட்டிவைத்தார்கள். நம் மலையில் அத்தனை பாடு வேண்டியதில்லை. தொழிற்சாலையைத் தொழிற்சாலையாகவே விட்டுவிட்டு, கொழுந்து வாட்டும் மாடியில் பொருளை வைக்கலாம். பந்தயத் திடலின் பாடமும் அதுவே.

தேயிலைக்கு நடுவே வைப்பதாயின், கடினமான சோதனை காலம். தேயிலை மலை எந்நாளும் ஒரே பச்சையாக இருக்கும் என்று தூரத்திலிருப்பவர்கள் நினைப்பார்கள். கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலையும் முறைவைத்து வெட்டப்படும்போது, பச்சைக் கம்பளம் போய், செம்மண்மேல் வரிசை வரிசையாகக் கபில நிறக் கட்டைகளும், அவற்றுக்கிடையே கான்களும், ஊடே நிற்கும் சவுக்கு மரங்களின் அடிகளும் வெளிப்படுகின்றன. சில மாதங்களில் இளந்தளிர் விட்டு மஞ்சள் கலந்த பச்சையாகி, பின்னர்தான் கரும்பச்சை திரும்புகிறது. சுற்றிலும் கவ்வாத்து விழுந்த மலையில் ஒரு துண்டு மாத்திரம் பழைய பச்சையாகவே நின்றால், அதன்கீழ் வலை இருக்கிறது என்று சொல்லாமற் சொல்லிவிடும்.

அதற்குமேல் ஊவாவின் பருவம். ஆனி முதல் ஆவணிவரை தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் கொட்டிவிட்டு, மத்திய மலைத்தொடரைத் தாண்டி வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. மட்டக்களப்பார் கச்சான் என்று வழங்குவதும் இதையே. அந்த வறட்சியில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் விரும்பும் வாசனை ஏறுகிறது. அதே வறட்சியில் பத்தனைப் புல் காய்ந்து வைக்கோல் நிறமாகி, சிலவேளை தீப்பற்றிக் கருகிக் கிடக்கிறது. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் அதே மேடு சில வாரங்களில் பசுமையாகிவிடும். ஆடி மாதத்தில் தலவாக்கலைக்குப் பொருந்தும் பச்சை வலையைக் கொண்டுவந்து தியத்தலாவையில் விரித்தால், காய்ந்த புல்மேட்டில் அது தனித்துத் தெரியும். இடையே உள்ள தூரம் சில மணி நேரப் புகையிரதப் பயணமே.

காலத்தோடு இசையும் இந்தக் கலையை யுத்தத்தில் உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் பிரித்தானியரான ஜெஃப்ரி பார்க்காஸ். சினிமாப் படம் எடுப்பது அவருடைய முந்திய தொழில். 1941ஆம் ஆண்டு வட ஆபிரிக்காவில் முற்றுகையிடப்பட்ட டோப்ரூக் நகரில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைக் காக்க அவருடைய துணைவரான பீட்டர் பிரவுட் விசித்திரமான உபாயம் செய்தார். ஒரு குண்டுவீச்சுக்குப் பிறகு, பொய்க் குண்டுக் குழிகளை வர்ணத்தால் தீட்டி, இடிபாடுகளைப் பரப்பி, ஆலை அழிந்துவிட்டது போன்ற தோற்றத்தை உண்டாக்கினார்; தண்ணீரோ நிற்கவில்லை. அடுத்த ஆண்டு எல் அலமெயின் போருக்கு முன்னால் பார்க்காஸின் குழுவினர் நூற்றுக்கணக்கான டாங்கிகளுக்கு லொறியின் உருவில் துணிமூடி போட்டதோடு, தெற்கு நோக்கிப் பழைய பெட்ரோல் தகரங்களால் ஒரு போலி நீர்க்குழாயையும் 'பதித்துக்கொண்டே' சென்றார்கள். நாளுக்கு எவ்வளவு தூரம் அது நீளுகிறது என்று ஜெர்மானியர் கணக்கிட்டு, குழாய் முடியும்வரை தாக்குதல் வராது, வந்தாலும் தெற்கிலேதான் வரும் என்று எதிர்பார்த்தார்கள். தாக்குதல் அக்டோபர் 23ஆம் தேதி இரவு வடக்கிலே வந்தது.

துணிக்கும் வர்ணத்துக்கும் எதிராக விஞ்ஞானம் கண்டுபிடித்த மிகக் கூரிய ஆயுதம் அகச்சிவப்புக் கிரணங்களைப் பதியும் படச்சுருள். நம் கண் காணும் ஒளியில் சிவப்புக்கு அப்பாலுள்ள அலைகளை நாம் உணர்வதில்லை. உயிருள்ள இலையிலுள்ள பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உண்டுவிட்டுப் பச்சையில் ஒரு பகுதியைத் திருப்புகிறது. ஆனால் அகச்சிவப்பு அலைகளைப் பச்சையம் தடுப்பதில்லை. இலையின் உட்புறத்தில் உயிரணுக்களுக்கும் அவற்றிடையே உள்ள காற்று வெளிகளுக்கும் நடுவே அவை சிதறுண்டு, ஏறக்குறையப் பாதியளவு மீண்டும் மேலே வந்துவிடுகின்றன. பச்சை வர்ணத்துக்கு அத்தகைய உட்கட்டமைப்பு இல்லை. ஆகவே நம் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் தேயிலைச் செடியும் பச்சைத் துணியும் அகச்சிவப்புப் படத்தில் வெளிச்சமும் இருளுமாகப் பிரிந்துவிடும். இரண்டாம் யுத்த காலத்தில் அமெரிக்காவின் கோடக் நிறுவனம் உருவாக்கிய வர்ணச் சுருளில் உயிர்ப் பசுமை செந்நிறமாகவும் போலிப் பசுமை நீலச் சாயலாகவும் விழும். வெட்டிய கிளைகளால் மறைத்தாலும் பயனில்லை. நீர் வற்றி இலையின் உள்ளமைப்பு குலையக் குலைய அந்தச் செம்மை மங்கிவிடும். கண்ணுக்கு வாட்டம் தெரியுமுன்பே சுருளுக்குத் தெரிந்துவிடுவதும் உண்டு.

பீரங்கிகளைத் துப்பறிய உண்டான இந்த அறிவு அங்கேயே நின்றுவிடவில்லை. இன்று பூமியைச் சுற்றும் செயற்கைக் கோள்கள் அதே சிவப்பு, அகச்சிவப்பு அலைகளை ஒப்பிட்டே பயிரின் நலத்தை அளக்கின்றன. தியத்தலாவையிலேயே நில அளவைத் திணைக்களத்தின் பயிற்சி நிறுவனம் நடைபெறுகிறது. ஒருகாலத்தில் மறைவற்ற நிலம் என்று சிறைக்குத் தேர்ந்த மேட்டில், மேலிருந்து நிலத்தை வாசிக்கும் வித்தையை இளைஞர்கள் பயில்கிறார்கள். இரட்டைப் படத்தில் மேடுபள்ளம் எழுப்பிப் பார்க்கும் அதே முறையால், ஒரு சரிவு முன்னொருகாலத்தில் சரிந்து வந்த மண்ணால் ஆனதா, அதன் தலைப்பகுதியில் பிறை வடிவ விளிம்பு தெரிகிறதா, நீரூற்றுகள் எங்கே கசிகின்றன என்பவற்றையெல்லாம் கண்டறியலாம். தரையில் நிற்பவனுக்கு அவை தேயிலையின்கீழ் மறைந்தே கிடக்கின்றன.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லய வரிசைகளை மனிதரோடு புதைத்தது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. மலையின் இரகசியம் வாசிக்கப்பட்டிருந்தது. வாசித்தது மக்களுக்குப் பாதுகாப்பான வீடாக மாறவில்லை. இதை எழுதும்போது என் மனம் பதைக்கிறது. எதிரியின் ஒரு பீரங்கியைக் கண்டுபிடிக்க நாடுகள் எத்தனை விமானங்களையும் எத்தனை அறிஞர்களையும் செலவிட்டன! அதில் ஒரு சிறு பங்கு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மலைகளைத் தேயிலையாக்கித் தந்தவர்களின் லயங்களுக்குப் பின்னாலுள்ள சரிவுகளைப் பார்ப்பதற்கும், பார்த்தபின் அவர்களைப் பாதுகாப்பான இடங்களில் குடியேற்றுவதற்கும் செலவிடப்பட வேண்டும். பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு அபாய வரைபடங்கள் தயாராகியிருக்கின்றன. இந்த அத்தியாயத்தை வாசிக்கும் தோட்டத்து இளைஞரும் ஆசிரியரும் அவ்வரைபடத்தைக் கேட்டுப் பெற்று, தங்கள் லயம் அதில் எந்தப் பகுதியில் விழுந்திருக்கிறது என்பதைத் தாமே பார்த்து, அயலாருக்கும் காட்ட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.